கலத்திலிருந்து கரைக்கு ஓரடி

முந்நீர், ஆழி, பௌவம், பரவை எனக் கடலுக்குரிய பெயர்களை ஆண்டுதோறும் வகுப்பில் அடுக்கிக் காட்டும் எமக்கு, அக்கடலின்மேல் இரவுகளைக் கழிக்கும் வாய்ப்பு 2019 பிப்ரவரித் திங்களில்தான் கிட்டியது. துறை நண்பர்களும் அவர்தம் குடும்பத்தாருமாக 22 பேர், கொச்சித் துறைமுகத்தில் எம்.வி. கவரத்தி என்னும் கலமேறி, கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளைக் கண்டு மீண்டோம். இலட்சத்தீவு நிருவாகத்தின் சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்னும் பெயரில் நடத்திவந்த ஐந்து நாள் பயணம் அது. பகலெல்லாம் தீவில், இரவெல்லாம் கலத்தில்.

குழுவாகச் செல்ல விழையும் அன்பர்கள் முதலில் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அத்தீவுகளுக்கு நினைத்தவுடன் புறப்பட்டுவிட இயலாது. 1967-ஆம் ஆண்டின் விதிகளின்படி வெளியார் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். அவ்வனுமதியோ ஆளுக்கு ஆள் தனித்தனியே வழங்கப்படுவது. திருமணப் பந்தியில் ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் அமர்வதுபோல், வர இயலாதவரின் இடத்தில் அவர் மைத்துனரை ஏற்றிவிட முடியாது. காவல் நிலையச் சான்றிதழுக்கு அலைவதிலேயே எம் குழுவில் இருவர் மனம் சலித்து விலகிக்கொண்டனர். ஆகவே பெயர்ப்பட்டியலை முடிவு செய்த பின்னரே பணம் கட்டுதல் நலம்.

எமக்கு ஏற்பாடு செய்துகொடுத்த முகவர், இருவர் தங்கும் 'டைமண்ட்' அறை, நால்வர் தங்கும் 'கோல்ட்' அறை என அறைகளின் வகை பற்றியே அரைமணி நேரம் விரித்துரைத்தார். உயர்ந்த தளத்து அறைக்கே மதிப்பு மிகுதி என்பது பொதுவான எண்ணம். ஆனால் கலத்தின் ஆட்டம் மேலே செல்லச் செல்ல மிகுதியாகவும், நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் குறைவாகவும் தெரியும் என்பதே உண்மை. குமட்டலுக்கு மாத்திரை உட்கொள்வோர் கலம் புறப்படுவதற்கு முன்னரே உட்கொள்ள வேண்டும். தலைசுற்றிய பின் உட்கொள்வதால் பெரும்பயன் இல்லை. இவ்வளவும் கூறிய அம்முகவர், கலத்திலிருந்து கரைக்கு எவ்வாறு இறங்குவது என்பது பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

அதுவே எம் பயணத்தில் பெரும் வினாவாயிற்று. பவளத்திட்டுகள் சூழ்ந்த அத்தீவுகளின் உட்கடல் ஆழமற்றது. ஆகவே எம் கலம் வெளிக்கடலிலேயே நின்றது. கலத்தின் பக்கவாட்டில், நீர்மட்டத்தையொட்டி ஒரு கதவைத் திறந்தனர். அதனருகே சிறு படகு ஒன்று வந்து நின்றது. நின்றது என்பதும் பிழை. அலையோடு ஏறியும் இறங்கியும் துள்ளிக்கொண்டிருந்தது. அது மேலெழும் நொடியில் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். இளையோர் சிரித்துக்கொண்டே தாவினர்.

எம்முடன் வந்த ஆசிரியப் பெருந்தகை ஒருவருக்கு வயது 72. ஓய்வுபெறும்வரை மொழியியல் கற்பித்தவர், முழங்கால் வலியுடையவர். ஏனைய தீவுகளில் மலையாளத்தின் ஒரு வழக்கு பேசப்பட, மினிக்காயில் மட்டும் சிங்களத்தோடு உறவுடைய மஹல் மொழி வழங்குகிறது என்று பல்லாண்டு பாடம் சொல்லியவர், அம்மொழியைச் செவியால் ஒருமுறை கேட்டுவிட வேண்டுமென்றே உடன் வந்தார். முதல்நாள் கவரத்தியில் அலை மிகுந்திருந்தது. கதவருகே நின்ற மாலுமி அவரை ஒருமுறை நோக்கிவிட்டு, "வேண்டாம்" எனக் கையசைத்தார். யாம் உஜ்ரா பள்ளிவாசலின் மரச்செதுக்கு வேலையைக் கண்டு களித்திருந்த வேளையில், ஐயா கலத்தின் மேல்தளத்தில் தனித்திருந்தார். மறுநாள் கல்பேனியிலும் அவ்வாறே. 1847-ஆம் ஆண்டுப் புயல் கரையில் குவித்த பவளக்கற்களை அன்று கண்டோம். எனினும் எம் மனம் அதில் முழுதும் தோயவில்லை.

அன்றிரவு உணவுக்கூடத்தில் குழுவினரிடையே கருத்து வேறுபட்டது. "ஒருவருக்காக எல்லோரும் காத்திருப்பதா?" என்றார் ஓர் இளைஞர். அவர் கூற்றில் கொடுமையில்லை. அவரும் பணம் செலுத்தி வந்தவரே. "குழுவாக வந்த பின் ஒருவரைக் கலத்தில் விட்டுச் செல்வது முறையாகுமா, தம்பி?" என்றார் அவருடைய உம்மா. யாம் எழுந்து சென்று மாலுமிகளிடமே வழி கேட்டோம்.

(மாலுமி என்பது, ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபென்பர். அன்று அச்சொல் எமக்குப் பொருத்தமாகவே பட்டது.)

அவர்கள் கூறிய வழி எளிது. முதற்படகில் முண்டியடிக்கும் கூட்டத்தோடு வர வேண்டா. கடைசிப் படகில் வருக. கையில் பையோ குடையோ கூடாது. படகு மேலெழும்போது கலத்திலிருந்து ஒருவரும் படகிலிருந்து ஒருவரும் தோளைப் பற்றுவர். அவர்கள் சொல்லும்வரை காலைத் தூக்கலாகாது.

மினிக்காயில் அவ்வாறே நடந்தது. மூன்று அலைகளைப் போகவிட்டு, நான்காவதில் ஐயா படகில் இருந்தார். இளையோர் 1885-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின்மேல் ஏறச் சென்றனர். ஐயாவோ சூரை மீன் பிடிக்கும் முதியவர் ஒருவரோடு நிழலில் அமர்ந்து, ஒன்றுமுதல் பத்துவரை எண்ணச் சொல்லிக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாலையில் அலை சற்று உயர்ந்தது. கலத்தில் ஏறும்போது படகிலேயே கால்மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அந்த இளைஞர்தாம் அதுவரை அவர் கையைப் பற்றியிருந்தார்.

கொச்சிக்குத் திரும்பும் இரவு கலம் நன்றாகவே ஆடியது. எம்மில் பாதிப்பேர் படுத்த படுக்கையாயினர். ஐயா ஒருவர் மட்டும் உணவுக்கூடத்தில் தேநீரோடு அமர்ந்து, சிங்களத்தில் 'பஹ' என வழங்கும் ஐந்து, மினிக்காயில் 'ஃபஹே' என ஒலித்ததை வருவோர் போவோர்க்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.