மேற்பார்வையாளர் கையெழுத்து

கையெழுத்துப் போடுவது ரொம்பச் சுலபமான காரியம் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரசீதில் போட்டிருக்கிறேன், வாசகர்கள் நீட்டும் புத்தகத்தில் போட்டிருக்கிறேன், படித்துப் பார்க்காமலே சில ஒப்பந்தங்களில் போட்டு அதன் பலனையும் அநுபவித்திருக்கிறேன். ஆனால் ஒரு மாணவியின் பயிற்சிப் படிவத்தில், ‘மேற்பார்வையாளர்’ என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் கையெழுத்துப் போட எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது.

நாவல் எழுதுவது மட்டும் வீட்டு வாடகையைக் கட்டாது. அதனால் பகல் வேளையில் ஒரு பதிப்பகத்தில் பிரதி பார்க்கும் உத்தியோகம். ஒரு மே மாதம், முதலாளி என் மேஜையருகே வந்து, “மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். பி.ஏ. இரண்டாம் வருஷம். இன்டர்ன்ஷிப். ஒரு மாசம் இங்கேதான் இருப்பார்கள். சம்பளம் கிடையாது. நீங்கள்தான் மேற்பார்வை” என்றார். கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன் நான். என்னைப் போய் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளர் என்றதும், உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் இன்டர்ன் என்றால் நமக்கு வைத்தியம் படிக்கிறவர்களின் ஞாபகம்தான் வரும். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக அலையும் ஹவுஸ் சர்ஜன் அவர். இப்போது கதை, கவிதை படிக்கிறவர்களும் எங்கேயாவது போய் வேலை பழகிவிட்டு வரவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டு நெறிகள் இளங்கலை மாணவர்களுக்கு 60 முதல் 120 மணி நேரம் என்று கணக்குச் சொல்கின்றன. வேலை கொடுக்கும் இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. யோசனை புதிதல்ல. 1906-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர், பொறியியல் மாணவர்களை ஒரு வாரம் வகுப்பிலும் ஒரு வாரம் தொழிற்சாலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முதலில் சேர்ந்தவர்கள் 27 பேர். அந்தப் பையன்களுக்குத் தொழிற்சாலையில் கூலி உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வேளை டீ உண்டு.

அந்தச் சமயம் எங்களிடம் ஒரு பெரிய வேலை கிடந்தது. கரிசல் சீமையை வைத்து எழுதப்பட்ட பழைய நாவல் ஒன்று. ஆசிரியர் காலமாகி, நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. ஒரே ஒரு பழம் பிரதி கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிடம் படிக்கக் கொடுத்தோம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் அது. அதில் ‘னை’யும் ‘லை’யும் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ‘ணா’வும் ‘றா’வும் சுழித்துக்கொண்டு கிடக்கும். இயந்திரம் அவற்றைக் கண்டு திகைத்து, வாய்க்கு வந்ததைச் சொல்லும். காலுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் குழப்பும். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் மூலத்தை வைத்துக்கொண்டு மனிதக் கண்ணால் ஒப்பிட்டாக வேண்டும். மூன்று ஜோடிக் கண்கள், அதுவும் இளங்கண்கள், இலவசமாக வருகின்றன. முதலாளி ஏன் சிரித்தார் என்று புரிந்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டு பையன்கள், ஒரு பெண். பெண்ணுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, மின்சார ரயிலில் வந்து போனாள். முதல் நாள் காலை அவர்களுக்கு நான் அளித்த பயிற்சியின் முழு விவரம் இதோ: “இது மூலம். இது பிரதி. தப்பு இருந்தால் பென்சிலால் திருத்துங்கள்.” அவ்வளவுதான். பிறகு நான் என் அறைக்குப் போய்விட்டேன். அங்கே என் சொந்த நாவலின் எட்டாவது அத்தியாயம் காத்திருந்தது.

பதினெட்டு நாள் ஆயிற்று. இரண்டு ஃபாரம், முப்பத்திரண்டு பக்கம், அச்சகத்தில் பிளேட் போட்டாகிவிட்டது. மூன்றாவது ஃபாரத்தைத் தற்செயலாகப் புரட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாத கிழட்டுச் சம்சாரி ஒருவர், மழை பொய்த்த வயலைப் பார்த்துச் சொல்கிறார்: “அவ்வளவு வேளாண்மையும் பாழாகிவிட்டது.” வானொலியில் செய்தி வாசிப்பது போல் இருந்தது. சிரித்தேன். உடனே வயிற்றில் ஏதோ செய்தது. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். “அம்புட்டு வெள்ளாமையும் பாழாப் போச்சு” என்றிருந்தது. மேலும் புரட்டினால், கம்மாய் கண்மாயாகியிருந்தது; சீக்கு நோயாகியிருந்தது; ரோசனை யோசனையாகியிருந்தது. எல்லாம் அந்தப் பெண்ணின் அழகான பென்சில் எழுத்து.

எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ஏம்மா, ஆசிரியர் எழுதியதை மாற்ற உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “தப்பு இருந்தா திருத்துங்கன்னு சொன்னீங்க சார். இது எல்லாம் எங்க ஆச்சி பேசுற மாதிரியே இருந்துச்சு. அதனால தப்புன்னு நெனச்சேன்.”

எனக்குப் பேச்சு எழவில்லை. ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்று பரீட்சைக்குப் பரீட்சை கேட்கிறோம். மார்க்கும் கொடுக்கிறோம். அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். அந்தக் கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவளாகவும் இருக்கவேண்டும். புத்தகத்துக்குள் தன் ஆச்சியைச் சந்தித்தவள், ஆச்சிக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே அனுப்பிவிட்டாள். பழைய புத்தகத்தில் கை வைக்கக் கூடாது, இயந்திரத்தின் தப்பைத் திருத்தலாமே தவிர மனிதரின் சொல்லைத் திருத்தக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அரை மணி. அந்த அரை மணியை எட்டாவது அத்தியாயத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். அந்த அத்தியாயம் பின்னால் நன்றாகவும் அமையவில்லை.

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அவள் மூலத்தை வாசிப்பாள்; நான் பிரதியைத் திருத்துவேன். நாற்பதாம் பக்கத்தில் ஓர் இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

“என்னம்மா?”

“இது நீங்க திருத்தினது சார்.”

ஆமாம், என் சிவப்பு மைதான். போகிறபோக்கில் ஒருநாள் பார்த்த பக்கம். ‘கூனை’ என்று இருந்ததை, இயந்திரத்தின் குளறுபடி என்று முடிவு செய்து, மூலத்தைத் திரும்பியும் பாராமல் ‘பானை’ என்று திருத்தியிருந்தேன். நான் காவிரிப் பாசனத்தில் பிறந்தவன். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற சமாசாரம் எனக்குப் புத்தகத்தில்தான் தெரியும்.

“கூனை சரிதான் சார். கமலையில தண்ணி இறைக்கிற இரும்புச் சால். தாத்தாவோட கூனை இன்னும் எங்க வீட்டுக் கொல்லையில கிடக்கு. ஆச்சி அதுல துளசி வச்சிருக்கு.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க திருத்தினதை நான் எப்படி சார் சொல்றது?”

அவள் தன் வீட்டுப் பேச்சைத் தப்பு என்று நினைத்துத் திருத்தினாள். நான் எனக்குத் தெரியாததைத் தப்பு என்று நினைத்துத் திருத்தினேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு இருந்த பத்து நாளில்தான் வேலை நடந்தது. பையன்களில் ஒருவன், இயந்திரம் எந்த எழுத்தை எதுவாக மாற்றுகிறது என்று ஒரு ஜாபிதா தயாரித்தான். அதை நாங்கள் பின்னாலும் உபயோகித்தோம். இந்தப் பெண், தனக்குத் தெரியாத சொல்லுக்கெல்லாம் ராத்திரி ஊருக்குப் போன் போட்டு ஆச்சியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நாலு பக்கம் சொல் விளக்கம் சேர்ந்தது.

கடைசி நாள் படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: ‘அளிக்கப்பட்ட பயிற்சியின் விவரம்.’ இன்னொரு கட்டம்: ‘மாணவரின் குறைகள்.’ முதலாளி வந்து, “இரண்டு ஃபாரம் பிளேட் போச்சு. அதைக் குறைகளில் எழுதுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் தெரியட்டும்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. காகிதமும் பிளேட்டும் விற்கிற விலையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரி அவளுடைய மதிப்பெண்ணோடு போய்ச் சேரும். அதற்குப் பின் அவள் யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்லத் துணிய மாட்டாள். முதல் கட்டத்திலோ, பதினெட்டு நாளுக்கு எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை.

விளக்கு ஏற்றும் நேரம் வரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு குறைகளுக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். பயிற்சிக் கட்டத்தில், ‘மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதல், வட்டாரச் சொற்களுக்கு விளக்கம் எழுதுதல்’ என்று எழுதினேன். முதலாளியிடம் போய், பிளேட் பணத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி சொன்னேன். மறுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. இரண்டு தவணையாகப் பிடித்துக்கொண்டார்.

புத்தகம் வந்தது. கடைசியில் அந்த நாலு பக்கச் சொல் விளக்கம். அதன் அடியில் சின்ன எழுத்தில் அவள் பெயர். ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பி வைத்தோம்.

இப்போதும் மே மாதம் பிறந்தால் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். முதல் நாள் காலை என் மேஜையில் வேறு காகிதம் ஏதும் இருக்காது. பழைய புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவர்கள் முன் வைத்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறேன்: “உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?”