டிக்கியின் மேல் ஒரு வால்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரச் சாமான் கடை ஒன்றில் எங்கள் செடானுக்கு ஒரு டிக்கி ஸ்பாய்லர் கேட்டேன். கடைக்காரர் பெயின்ட் அடித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "வேலை ஒண்ணும் செய்யாது சார், ஷோவுக்குத்தான். ஆனா வண்டிக்கு எடுப்பா இருக்கும்" என்றார். நேர்மையான பேச்சு. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

ஷோவுக்கு என்று மட்டுமே செய்த பொருளை எப்படி வேண்டுமானாலும் வரையலாம். இதுவோ முன்னால் தகட்டோடு தகடாகப் படிந்து கிடந்து, பின்விளிம்புக்கு வந்ததும் வெடுக்கென்று மேலே தூக்கி நிற்கிறது. எந்தக் கம்பெனி செய்தாலும், எந்தக் காருக்கு என்றாலும் ஏறக்குறைய இதே வளைவுதான். இந்த வளைவு யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று தேட ஆரம்பித்தேன்.

கோவைக்குப் போனபோது அவிநாசி சாலையிலுள்ள ஜீடீ கார் மியூசியத்தில், கார்களின் முகத்தை விட்டுவிட்டு முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழைய கார்களின் பின்பக்கம் உருண்டு, வழிந்து கீழே இறங்குகிறது. விளிம்பு என்று தூக்கி நிற்பது எதுவும் இல்லை. 1950-களின் அமெரிக்கக் கார்களில் பின்பக்கம் இரண்டு துடுப்புகள் நிமிர்ந்து நிற்குமே, அவற்றில்தான் ஆரம்பமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் 1948-ஆம் வருடத்து காடிலாக் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து மயங்கி, தன் ஆட்களையும் கூட்டிப்போய்க் காட்டி வரையச் சொன்ன வடிவம் அது. பிறந்த நாளிலிருந்தே ஷோவுக்குத்தான். ஆக, நான் தேடியது அந்தக் குடும்பம் இல்லை.

சரியான தடம் பந்தயச் சாலைகளில் கிடைத்தது. காற்று கூரைமேல் ஏறிப் பின்கண்ணாடி வழியாக வளைந்து இறங்கும்போது வேகம் கூடும்; வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் காரின் பின்பகுதி மேலே இழுக்கப்படும். விமானத்தின் இறக்கை செய்யும் அதே வேலை, செய்யவே கூடாத இடத்தில். 200 கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்களின் பிடி தளர்ந்தால் ஓட்டுநர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலியின் மொன்சா பந்தயத் தளத்தில் 1961-இன் தொடக்கத்தில் ஃபெராரி ஒரு புதிய காரைச் சோதித்துக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டுநர் ரிச்சி கிந்தர், அமெரிக்கர், விமான மெக்கானிக்காக இருந்தவர். பின்பக்கம் தத்தளிப்பதைக் கண்டு, அதன் விளிம்பில் ஒரு தகட்டுத் துண்டை நிமிர்த்தி வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான் என்கிறது பந்தய வரலாறு. இறங்கி ஓடும் காற்றை அந்தத் தகடு மறித்தது. மறித்த இடத்துக்கு முன்னால் அழுத்தம் கூடியது, கார் தரையைப் பிடித்தது. டிக்கிமேல் நிற்கும் விளிம்புக்கு நான் கண்ட மூதாதை அந்தத் தகடு.

அதற்கும் முன்னால் ஒரு முயற்சி நடந்து அணைந்திருக்கிறது. 1956-இல் மைக்கேல் மே என்ற இளம் ஸ்விஸ் பொறியாளர் தன் போர்ஷே 550-இன் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, தலைகீழாகத் திருப்பிய ஒரு பெரிய இறக்கையைப் பொருத்தி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோனார். பயிற்சி ஓட்டத்தோடு சரி. அதை வைத்துக்கொண்டு பந்தயத்தில் ஓட அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. அந்தக் காரின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஜிம் ஹால் தன் சப்பரால் 2ஈ காரில் உயரமான இறக்கையோடு பந்தயத்துக்கு வந்தது 1966-இல். மே பத்து வருடம் முந்திக்கொண்டார். முந்திக்கொண்டவர்களுக்கு இப்படி நேர்வது எனக்கு எப்போதும் ஆறாத வருத்தம்.

பந்தயத்திலிருந்து தெருவுக்கு அது வந்த கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. போர்ஷே 911-இன் முதுகு சரிந்து இறங்கும் அழகு உலகறிந்தது. வேகமெடுத்தால் அந்தச் சரிவே பின்பக்கத்தைத் தூக்கியது. டில்மன் ப்ரோட்பெக், ஹெர்மன் பர்ஸ்ட் முதலிய பொறியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் மெல்லிய வெல்டிங் கம்பியும் தகடும் வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி அளந்தார்கள். பின்பக்கத் தூக்கல் குறைந்தது. அதோடு உச்ச வேகமும் மணிக்குச் சுமார் நாலரை கிலோமீட்டர் கூடியது. 1972 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கரேரா ஆர்எஸ் 2.7 வெளிவந்தது. பந்தயத்துக்குத் தகுதி பெற 500 கார்கள் விற்றாக வேண்டும் என்பது விதி. ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் போயிற்று. ஜெர்மானியர்கள் அந்த விளிம்புக்கு வாத்து வால் என்று பெயர் வைத்தார்கள். என் கையில் இருந்த பிளாஸ்டிக் துண்டை அந்தப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தாத்தாவின் மூக்கு பேரனிடம் இருப்பதுபோல் இருந்தது.

மறு வருடம் பிஎம்டபிள்யூ போட்டிக்கு இறங்கியது. 3.0 சிஎஸ்எல் காருக்கு முன்பக்கம் தாடை, கூரையின் பின்விளிம்பில் ஒரு பட்டை, டிக்கிமேல் உயர்ந்த இறக்கை. பந்தயக் காரில் இவை இருக்க வேண்டுமானால் விற்கும் காரோடும் இவற்றைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட இறக்கையோடு ஜெர்மன் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. என்ன செய்தார்கள்? இறக்கையைக் கழற்றிய நிலையில் டிக்கிக்குள்ளேயே வைத்து விற்றார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தானே பூட்டிக்கொள்ள வேண்டியது. 1973 ஜூலையில் அந்தப் பொருட்களுக்குப் பந்தய அனுமதி வந்தது. அதே மாதம் நூர்பர்க்ரிங்கில் இறக்கையோடு ஓடிய சிஎஸ்எல், ஃபோர்டு காப்ரிகளை வென்றது. ஃபோர்டும் சும்மா இருக்கவில்லை; அந்த வருடம் முடிவதற்குள் வாத்து வால் வைத்த காப்ரியைக் கொண்டுவந்தது.

வீட்டு வாசலில் நின்று சொந்தக் காருக்கு வால் பூட்டும் வேலை எங்கள் தெருவில்தான் தொடங்கியது என்று நினைத்தவன் நான். ஐம்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் ஒருவர் டிக்கியைத் திறந்து, இறக்கையை வெளியே எடுத்து, ஸ்பானரோடு குனிந்திருப்பார் என்று தெரிந்தபோது அவரோடு ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது.

கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200-இல் 100 கிலோ அழுத்தும் ஒரு விளிம்பு, 80-இல் 16 கிலோதான் அழுத்தும். நம் ஊர்ப் போக்குவரத்தில் 40-இல் போனால் 4 கிலோ. அதுவும் அந்தக் காருக்கென்று சுரங்கத்தில் அளந்து செய்திருந்தால். அளந்து பார்க்காமல் செய்த என் துண்டுக்கு அந்தக் கணக்குகூடக் கிடையாது.

ஒட்டுகிற வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடலின் இன்னொரு கிளை அங்கேதான் முளைத்தது. காலையில், வெயில் தகட்டைச் சுடவைக்குமுன், டிக்கியை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைப்பது. மெழுகுப் பாலிஷ் துளி மிச்சமிருந்தாலும் பிடிக்காது. ஸ்பாய்லரை ஒட்டாமலே வைத்துப் பார்த்து, இரண்டு ஓரத்திலிருந்தும் டேப்பால் அளந்து நடுவுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை போட்டுக்கொள்வது. அடியிலுள்ள சாம்பல்நிற டபுள் சைடு டேப்பின் சிவப்புத் தாளை முழுக்க உரித்துவிடக் கூடாது. நுனிகளை மட்டும் இரண்டு விரல் அளவு உரித்து, மடித்து, வெளியே நீட்டி விட வேண்டும். ஸ்பாய்லர் எல்லைக்குள் சரியாக உட்கார்ந்த பிறகு அந்த நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால், தாள் அடியிலிருந்து நாடாவாக உருவி வரும். பின்னாலேயே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு போவது. அறை வெப்பத்தில் இந்த வகை டேப் ஒரு நாளில் பெரும்பங்கு வலுவைப் பெற்றுவிடும். முழுப் பிடிக்கு 72 மணி நேரம். அதுவரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லைக்குப் போட்ட அந்த மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விடை அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துக் கார் பெயின்ட் கடைகளில் இருந்தது. 1920-களில் காருக்கு இரட்டை நிறம் அடிப்பது மோகமாகியிருந்தது. ஒரு நிறத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து மறு நிறம் அடித்தால், காகிதத்தை உரிக்கும்போது கூடவே பெயின்டும் பெயர்ந்து வந்தது. உப்புத்தாள் மாதிரிகளோடு அந்தக் கடைகளுக்குப் போய்வந்த 3எம் கம்பெனியின் இளம் ஊழியர் டிக் ட்ரூ, பெயின்டர்கள் வாய்விட்டுத் திட்டுவதைக் கேட்டு, பிடிக்கவும் வேண்டும், பெயின்டைப் பிடுங்காமல் விடவும் வேண்டும் என்று ஒரு நாடாவைத் தேடினார். 1925-இல் கிடைத்தது.

வெறும் அழகுக்கு ஆசைப்பட்டவர்களால் உலகத்துப் பெயின்டர் எல்லோருக்கும் ஒரு கருவி கிடைத்திருக்கிறது. உயிரைக் காக்கப் பிறந்த ஒரு தகடோ அழகுக்கென்று கடையில் விற்கிறது. இரண்டும் என் டிக்கியின் மேல்தான் சந்தித்துக்கொண்டன. இது தெரிந்த பிறகு, ஷோவுக்குத்தானே என்று எந்தச் சாமானையும் ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. எங்கே, எந்த வேலைக்குப் பிறந்தது என்று முதலில் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா மகன் வந்தான். புது ஹேட்ச்பேக் வாங்கியிருக்கிறான். "மாமா, முன்னாடி ஒரு க்ராஷ் கார்டு போட்டா கெத்தா இருக்கும்ல?" என்றான். ஆஸ்திரேலியாவில் ஆளில்லாத நெடுஞ்சாலைகளில் கங்காருவும் மாடும் மோதி ரேடியேட்டர் உடையாமலிருக்க வைத்த இரும்பு அது என்று சொன்னேன். இங்கே அதை மாட்டினால், மோதலில் வண்டியின் வேகம் சட்டென்று குறைவதை வைத்து ஏர்பேக்கை விரிக்கும் சென்சாரின் கணக்கு குழம்பிப்போகும். நடந்துபோகிறவர் மேல் இடித்தால் அவருக்குக் காயம் பலமாகும். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப டோர் வைசர்?"

மழையில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துக் காற்று வாங்க அது உதவும் என்றேன். நாலு கதவுக்கும் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிடு, வரும்போது ஆல்கஹால் பாட்டிலும் நல்ல துணியும் எடுத்து வா என்று சொல்லியிருக்கிறேன்.