புகை போக வழி விடுங்கள்

எங்கள் ஊரில் மின் இணைப்பு கிடைக்காதவர்களுக்கு ஆயில் இன்ஜின்தான் கதி. கதிர் பிடிக்கும் நேரத்தில் அது மக்கர் செய்தால் போட்ட முதல் போச்சு.

போன குறுவையில் எங்கள் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் கரும்புகையாகத் தள்ளியது. தண்ணீர் பாதியாகக் குறைந்தது. டீசல் செலவு மட்டும் ஏறியது. ஃபுட் வால்வு, நாசில் இரண்டையும் பார்த்தாயிற்று. 'இன்ஜினையே பிரிக்கணும்' என்றார் ஒருவர். செலவை நினைத்தால் பகீரென்றது.

பக்கத்து ஊர்ப் பெரியவர், பழைய மெக்கானிக், வந்து பார்த்தார். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னார். சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் கரும்புகை அடங்கி, குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. சைலன்சருக்குள் கரி அப்பிக் கிடந்தது.

"எரிஞ்ச புகையைப் பிஸ்டன்தானே தம்பி வெளியே தள்ளணும்? வழி அடைச்சா, தள்ளுறதுக்கே சக்தி போயிடும்" என்றார். பழைய புகை சிலிண்டரில் தங்கும் அளவுக்குப் புதுக் காற்று குறையும். காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. சூடும் ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு கெடும்.

சைலன்சரில் சேரும் கரியை அவ்வப்போது தட்டி எடுங்கள். கொட்டகைக்கு வெளியே புகைக்குழாய் நீட்டினால், இன்ஜின் வாயைவிடச் சின்னக் குழாய் வேண்டாம். வளைவுகளும் குறைவாக இருக்கட்டும். அதற்காக சைலன்சர் இல்லாமலே ஓட்டாதீர்கள். பொறி பறந்து வைக்கோலில் விழலாம். மூடிய கொட்டகையில் புகை தங்கினால் உயிருக்கே ஆபத்து.