கவிதையில் பிறந்த பெயர்

ஸ்வெத்லானா என்ற ருஷ்யப் பெயரைக் கேட்டால் ஆதிகால ஸ்லாவியப் பெயர் என்றே தோன்றும். வேர்ச்சொல்லின் பொருள் ஒளி. பெயரகராதிகள் பெரும்பாலும் அதோடு முடித்துக்கொள்கின்றன. ஆனால் பழைய ருஷ்யாவில் பெண்களுக்கு இப்பெயர் வழங்கியதற்குச் சான்று கிடைப்பதில்லை. 1802இல் அலெக்சாந்தர் வஸ்தோக்கவ் தம் கவிதைநாயகிக்கு இதைச் சூட்டினார். ஜெர்மானிய வழியில் வந்த அவர் ஓஸ்டெனெக் என்ற தம் குடும்பப்பெயரையே ருஷ்யமாக்கிக்கொண்டவர். பெயரை நாடறியச் செய்தது 1813இல் வெளியான, கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் கதைப்பாடல். அதில் ஸ்வெத்லானா இரவில் கண்ணாடி முன் அமர்ந்து வருங்காலக் கணவனைக் குறிபார்க்கிறாள். இறந்த காதலன் வந்து அழைத்துப்போவதாகக் கனவு கண்டு நடுங்குகிறாள். விடிந்ததும் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். புஷ்கின்கூடத் தம் நாயகி தத்யானாவை இவளோடு ஒப்பிட்டார். இத்தனை புகழிருந்தும் குழந்தைகளுக்கு இப்பெயரில் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை, புனிதர் நாட்காட்டியில் பெயர் இல்லை என்பதால். கடற்படைக் கப்பலுக்கு அந்தத் தடை கிடையாது. 1905இல் சுஷிமா போரில் மூழ்கிய ருஷ்யக் கப்பல்களில் ஒன்றின் பெயர் ஸ்வெத்லானா. கப்பலுக்குக் கிடைத்த உரிமை பெண்குழந்தைகளுக்கு 1917 புரட்சிக்குப் பின், பெயர்ப்பதிவு தேவாலயத்தின் கையைவிட்டு அரசிடம் வந்தபோதுதான் கிடைத்தது.

கவிஞன் கட்டிய பெயர் மக்கள் பெயராகுமா என்று கேட்கலாம். ஆனால் இவான் என்ற பெயரே எபிரேயத்திலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. ஓல்கா ஸ்காண்டிநேவிய ஹெல்கா. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற பொருளுடைய வேரா, நதேஷ்தா, லியுபோவ் மூன்றுமே கிரேக்கப் பெயர்களின் மொழிபெயர்ப்பு. அவற்றை ருஷ்யப் பெயர்கள் என்று ஏற்றுக்கொண்டு இதை மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. எங்கே பிறந்தது என்பதைவிட, பெற்றோர் விரும்பி வைத்தார்களா என்பதே என் அளவுகோல். ஸ்டாலினுக்கு 1926இல் பிறந்த மகள் ஸ்வெத்லானாவால்தான் பெயர் பரவியது என்ற வாதம் இன்னும் வலுவானது. அவள் பெயர் ஊக்கம் தந்திருக்கலாம். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்டாலின் 1953இல் இறந்து, அவர் புகழ் சரிந்த பிறகும் அறுபதுகளில் பெற்றோர்கள் இப்பெயரைத் தாராளமாக வைத்தார்கள். அச்சமோ முகஸ்துதியோ மட்டும் காரணமென்றால் அப்போதே அது மங்கியிருக்கும். தேவாலயமும் வழி கண்டது: ஸ்வெத்லானாக்களுக்கு, கிரேக்கத்தில் அதே ஒளிப்பொருள் தரும் ஃபோத்தினியா என்ற பெயரில் ஞானஸ்நானம் தருகிறார்கள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு தந்த பெயர் அது.