இயந்திரத்தில் தொங்கிய வெள்ளைப் பொடி

ஈப்போவில் ஒரு சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம். காலை ஆறரை மணிக்கே நாற்காலிகள் நிரம்பிவிட்டன. வெள்ளைப் பொடி அடைத்த உருளை ஒன்றை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்த தாதியிடம், “இது என்ன மிஸ்ஸி?” என்றேன்.

“பைகார்பனேட். நம்ம ஆப்பச்சோடாதான், மருந்துத் தரத்துல.”

பக்கத்து நாற்காலியில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா. இனிப்புநீர் கிட்னியைத் தின்றுவிட்டது. ஊசி ஏறும் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நரம்பு தையல் மெஷின் ஓடுவதுபோல் அதிர்ந்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.

“உடம்புல அசிட் சேருதாம், அதுக்குத்தான் சோடாவாம். ஸ்டோர்ல பாலுக்கு அசிட் ஊத்தி உறைய வச்சவதான் நான். இப்ப எனக்குள்ளயே நிக்குது, தம்பி.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

உடம்பில் சேரும் அந்த அமிலத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. பாதி கெட்டால், மீதிப் பாதி அம்மோனியாவை அதிகமாகச் சுரந்து ஈடுகட்டும். அந்த அம்மோனியாவே மிஞ்சிய திசுவையும் புண்ணாக்குகிறது. அமெரிக்காவில் நாத், ஹாஸ்டெட்டர் குழு 1985இல் இதை எலிகளில் காட்டியது. சிறுநீரகத்தின் பெரும்பகுதியை அகற்றிய எலிகளில் ஒரு கூட்டத்துக்கு சோடியம் பைகார்பனேட், மறு கூட்டத்துக்கு அதற்கு ஈடாகச் சமையல் உப்பு. நான்கு முதல் ஆறு வாரத்தில் பைகார்பனேட் தின்ற எலிகளின் சிறுநீரக நுண்குழாய்கள் குறைவாகவே சிதைந்திருந்தன.

மனிதருக்கு? லண்டனில் 134 நோயாளிகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், பைகார்பனேட் மாத்திரை எடுத்தவர்களில் 6.5 சதவீதத்தினருக்கே சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. எடுக்காதவர்களில் 33 சதவீதம். ஆனால் 60 வயது தாண்டிய 300 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. அதனால் எலிக்குப் பலித்ததை நம்பி அடுக்களைச் சோடாவைக் கரைத்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள சோடியம் ரத்தக் கொதிப்பையும் வீக்கத்தையும் ஏற்றக்கூடும். ரத்தத்தில் பைகார்பனேட் அளவைப் பார்த்து மருத்துவர்தான் தரவேண்டும்.

அந்த அம்மாவின் சிறுநீரகத்தை இனி எந்தப் பொடியும் மீட்காது. காப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்போதே நோய் இருப்பது தெரிய வேண்டும். மலேசியப் பெரியவர்களில் நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் மேற்கு மலேசியாவில் 9.07 சதவீதம், 2018இல் நாடு முழுவதும் 15.48. வீட்டில் இனிப்புநீரோ ரத்தக் கொதிப்போ உள்ளவரை இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.