மலைக்குள் ஒரு லண்டன்

ஹாங்காங்கின் சுன் வானில் 82ஆம் எண் மினிபஸ் ஏறினால் ஷிங் முன் நீர்த்தேக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மலையேற வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.

முகட்டில் புதர் மூடிய சிமென்ட் சுரங்கங்கள். டார்ச் அடித்துக் குனிந்து உள்ளே போனால், வாசல்தோறும் எழுத்துகள் பொறித்திருக்கின்றன: சாரிங் கிராஸ், ரீஜென்ட் ஸ்ட்ரீட், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ. 1930களில் இந்தக் கோட்டையைக் கட்டிய பிரிட்டிஷ்காரர்கள் ஊர் நினைப்பில் லண்டன் தெருக்களையே மலைக்குள் இறக்கிவிட்டார்கள்.

சுமார் 18 கிலோமீட்டர் நீண்ட ஜின் டிரிங்கர்ஸ் தற்காப்புக் கோட்டின் முக்கியக் கண்ணி இது. 1941 டிசம்பர் 8 காலை ஜப்பானியர் எல்லை தாண்டியபோது இங்கே காவலுக்கு இருந்தவர்கள் நாற்பது சொச்சம் பேர்தான். மறுநாள் இரவே ஜப்பானியக் கர்னல் டோயியின் படை இருட்டில் ஏறி வந்துவிட்டது. காற்றுப்போக்கிகள் வழியாகக் கையெறிகுண்டுகளைப் போட்டார்கள். பாதுகாப்புக்குக் கட்டிய சுரங்கமே பொறியானது. இதில் வேடிக்கை, அந்தக் கோட்டை டோயிக்கு ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே இல்லை; பின்வாங்கு என்று மேலிடத்து உத்தரவு வந்தும் அவர் அசையவில்லை.

வாரக்கணக்கில் தாங்கும் என்று நம்பிய கோடு அதோடு குலைந்தது. டிசம்பர் 13இல் தீவுக்கு எதிரே உள்ள கவ்லூன் பக்கத்தைக் கடைசியாகக் காலி செய்தவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ராஜ்புத் படைப்பிரிவினர். 18ஆம் தேதி இரவு ஜப்பானியர் ஹாங்காங் தீவில் கரையேறியபோது அந்தக் கரையில் நின்றவர்களும் அவர்களே, பட்டாளமே சிதைந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஆளுநர் மார்க் யங் சரணடைந்தார்.

பிறகு மூன்று ஆண்டு எட்டு மாத ஆக்கிரமிப்பு. அரிசி போதாமல் ஜப்பானியர் மக்களையே ஊரைவிட்டு விரட்டினார்கள். 16 லட்சம் பேர் இருந்த நகரத்தில் 1945இல் மிஞ்சியது சுமார் 6 லட்சம். எனக்கு இதுதான் போரின் பெரிய கணக்கு. கோட்டை விழுந்த கதை அதற்கு முன்னுரை மட்டும்.

கோட்டையைப் பார்த்தவர்கள் தீவின் தென்கோடியில் ஸ்டான்லி ராணுவக் கல்லறைக்கும் போகவேண்டும். ராஜ்புத் பிரிவின் கேப்டன் மதீன் அன்சாரி அங்கே இருக்கிறார். ஹைதராபாத் நிஜாம் குடும்பத்துக்கு உறவு என்பதால், சிறைப்பட்ட அவரைத் தம் பக்கம் இழுக்க ஜப்பானியர் பார்த்தார்கள். சித்திரவதைக்கும் அவர் மசியவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. 1943 அக்டோபரில் தலையை வெட்டினார்கள். பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது போருக்குப் பிறகுதான் வந்தது. ஷிங் முன்னில் பாதி நாள் போய்விடும். ஸ்டான்லியை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.