எலி ஊரில் ஒரு ரவுண்டு

லேபில் லினக்ஸ் மெஷின் முன்னால் உட்கார வச்சுட்டாங்களா? 'ஸ்டார்ட் பட்டன் எங்கப்பா?'ன்னு மவுஸைக் கண்டபடி சுத்தாதீங்க. டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்றால், திரையின் இடது மேல் மூலைக்குப் போங்க. 'அப்ளிகேஷன்ஸ்' என்று இருக்கும். அதுதான் ஊர் வாசல். 1996-ல் ஒலிவியே ஃபூர்டான் தொடங்கிய டெஸ்க்டாப் இது. பழைய மெஷினிலும் மூச்சு வாங்காமல் ஓடும். லோகோ... ஒரு எலி!

கிளிக் பண்ணினதும் வரிசையா தெருக்கள். கிராஃபிக்ஸ், இன்டர்நெட், மல்டிமீடியா, ஆபீஸ், சிஸ்டம்... இங்கே தெருவுக்குப் பேர் வச்சது கம்பெனியைப் பார்த்து இல்லை, வேலையைப் பார்த்து. போட்டோவை வெட்டி ஒட்டணுமா? கிராஃபிக்ஸ் தெருவில் கிம்ப். பாட்டு கேட்கணுமா? மல்டிமீடியாவில் வி.எல்.சி. சாஃப்ட்வேர் பேரே தெரியாமல் உள்ளே போய், வேண்டியதை எடுத்துக்கலாம். புதுசா வர்றவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! லிப்ரே ஆபீஸ் டிரா மட்டும் மூலைக் கடை மாதிரி. ஆபீஸ், கிராஃபிக்ஸ் ரெண்டு தெருவிலும் அதுக்கு வாசல் உண்டு. செட்டிங்ஸ் தெரு ரொம்ப நீளம், கொஞ்சம் போர். அவசரமா? ஆல்ட், எஃப்3 ரெண்டையும் சேர்த்து அழுத்தி, பேரில் நாலு எழுத்து அடிங்க. கடையே முன்னால் வந்து நிற்கும்.

ஆனா நிஜமான சுவாரஸ்யம் தெருவில் இல்லை பாஸ், கடைகளின் பெயர்ப் பலகையில் இருக்கு. ஒவ்வொரு கடைக்கும் 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல். அதில் 'டைப்' வரியில் அப்ளிகேஷன் என்று இருக்கும். 'நேம்' வரி கடையின் பேர், 'எக்ஸெக்' வரி எதை ஓட்டணும் என்பது, 'கேட்டகரீஸ்' வரி எந்தத் தெரு என்பது. அவ்வளவுதான். கேடிஇ, க்னோம் டெஸ்க்டாப்புகள் படிப்பதும் இதே ஃபைலைத்தான்.

செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ராத்திரி பகலா ஒரு புரோகிராம் எழுதியிருப்பீங்களே... அதுக்கும் இப்படி ஒரு பலகை எழுதலாம். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். 'டாட் லோக்கல்', அதுக்குள் 'ஷேர்', அதுக்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. இல்லைன்னா நீங்களே உருவாக்கிக்கலாம். அங்கே ஃபைலைப் போட்டு, கேட்டகரீஸில் 'எட்யுகேஷன்' என்று கொடுங்க. எட்யுகேஷன் தெருவில் உங்க கடை திறந்தாச்சு! நேம் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 'டிஏ' என்று போட்டு இன்னொரு வரி சேர்த்தால், டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாத்தினதும் தமிழ்ப் பேரோடயே நிற்கும். உங்க லாகினில் மட்டும்தான் இது தெரியும் என்பதால், லேப் அசிஸ்டென்ட்டும் முறைக்க மாட்டார்.

அட்மின் பாஸ்வேர்டா? கேட்கவே கேட்காது.